லயத்துக்குள் இறங்கிவரும் காயம்: இடுக்கி மலைத் தோட்டப் பகுதி ஊராட்சிகளுக்கும் மாவட்ட மனநலத் திட்டத்துக்கும் ஒரு திறந்த மடல்

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களின் ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும், குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களின் ஊராட்சி அளவிலான அமைப்பான சிடிஎஸ் தலைவிகளுக்கும், இடுக்கி மாவட்ட மனநலத் திட்டப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வருடாந்திரத் திட்டம் போடும்போது மனநலத்துக்கென்று பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் ஏறுகிறது: விழிப்புணர்வு முகாம், ஒரு நாள். ஃபிளெக்ஸ், மைக் செட், வகுப்பெடுக்க ஒரு சார், மதியம் பிரியாணி. நாங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் மனநல வேலை செய்பவர்கள். அந்த வரியை அடித்துவிட்டு, மனக்காயம் தலைமுறை தாண்டி இறங்குவதைத் தடுக்க அதே பணத்தை வேறு மாதிரி செலவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம். எப்படிச் செலவிடுவது, எந்த இடத்தில் காரியம் கெடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

பாட்டனுக்கு நேர்ந்தது பேரனை ஏன் ஆட்டுகிறது என்று கேட்பவர்கள் இந்த மலையின் கணக்கைப் பார்த்தால் போதும். 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலை குத்தகைக்குக் கைமாறியது. அதன்பின் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார்கள். முன்பணம் கடனானது, கடன் பிள்ளைகள் தலையில் இறங்கியது. கங்காணி போய்விட்டான், ஆனால் கூரை இன்னும் வேலையோடுதான் கட்டுண்டு கிடக்கிறது. 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கும் கடமையை நிர்வாகத்தின் மேல் வைத்தது. நல்ல சட்டம்தான், ஆனால் வேலை போனால் வீடும் போகும். அம்மா ரிட்டயர் ஆகும்போது பிள்ளைகளில் ஒருவர் பேர் பதிந்தால்தான் லயம் கையில் நிற்கும் என்பதால், படிப்பை விட்டு வந்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். பீர்மேட்டில் 2000க்குப் பிறகு மூடிய தோட்டங்களில் சம்பளமும் கிராஜுவிட்டியும் நின்றபின்னும் குடும்பங்கள் ஒழுகுகிற அதே கூரைக்குக் கீழேயே இருந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி லயங்களின்மேல் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒன்றாகப் போன குடும்பங்கள் உண்டு.

நடந்தது நடந்தபடியே அடுத்த தலைமுறைக்கு இறங்குவதில்லை. வீட்டுப் பழக்கமாக மாறி இறங்குகிறது. 'மெதுவாப் பேசு, அடுத்த காம்பராவுக்குக் கேக்கும்' என்று பிள்ளையின் வாயை அடைப்பது ஒரு பழக்கம். ஆத்தாவின் முதல் இரண்டு பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்று யாரும் கேட்காமலிருப்பது இன்னொன்று. போதை ஏறினால் மட்டும் பிள்ளையைக் கொஞ்சுகிற அப்பா, பத்து வயதிலேயே தம்பி தங்கைக்குத் தாயாகிப்போன அக்கா. சம்பள நாள் சாயங்காலம் ஒற்றையடிப் பாதையில் அப்பா நடந்துவரும் தினுசைப் பார்த்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லிவிடும். அந்தப் பிள்ளை பள்ளியில் கரும்பலகையைப் பார்ப்பதில்லை, டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். 'கவனம் பத்தாது' என்று புராக்ரஸ் கார்டில் எழுதுகிறோம்.

அறிவியல் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முகாம்களில் வகுப்பெடுப்பவர்கள் இதைத் தாராளமாக அளந்துவிடுகிறார்கள். ஹாலந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களின் உடம்பில் மரபணுக்களின்மேல் படிந்த ரசாயன அடையாளங்கள் 60 வருடம் கழித்தும் வேறுபட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அது கருவிலிருந்த பிள்ளையை நேரே தொட்ட பசி. யூத இன அழிப்பில் தப்பியவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வைத்து ரேச்சல் யெஹுதா குழு செய்த ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது, ஆனால் அதில் இருந்தவர்கள் தப்பியவர்கள் 32 பேர், பிள்ளைகள் 22 பேர். அதை வைத்து மனிதரில் காயம் மரபணு வழியே தலைமுறை தாண்டுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே 'இது உங்க ரத்தத்துலயே ஊறிப்போச்சு' என்று லயத்து மக்களிடம் தயவுசெய்து யாரையும் பேசவிடாதீர்கள். பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்கள் ரத்தத்தைப் பற்றி இந்த வாக்கியத்தை வேறு ஆட்கள் வாயிலிருந்து எத்தனையோ தலைமுறையாகக் கேட்டவர்கள். வளர்ப்பு, குடி, கடன், கூரை, தாயின் மனச்சோர்வு என்ற வழிகள் கண்முன்னே தெரிகின்றன. கைவைக்க முடிந்ததும் அவற்றில்தான்.

முதலில் கூரை. மண் சரியக்கூடிய சரிவின் கீழே இருக்கும் லயத்தில், மழை இரவில் தூங்காத பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது கேலி. அவள் பயம் சரியான பயம். ஜூன் பிறப்பதற்குள் ஒவ்வொரு லைனுக்கும் (லய வரிசைக்கும்) மழைத் திட்டம் தாளில் இருக்க வேண்டும்: எத்தனை மணி நேரம் விடாமல் பெய்தால் இறங்குவது, எந்தப் பாதை, எந்தப் பள்ளிக்கூடம், சாவி யாரிடம், கிழவரை யார் தூக்குவது. பெட்டிமுடிச் செய்தி வெளியே வர மறுநாள் காலையானது. போன் ரேஞ்ச் இல்லாத லைனில் தகவல் சொல்ல என்ன ஏற்பாடு என்பதும் அதே தாளில் வர வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு முறை நடந்து பார்க்க வேண்டும். போகும் இடம் தெரிந்த பிள்ளை மழைச் சத்தத்தில் கொஞ்சமாவது தூங்கும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் உறவை இழந்த குடும்பங்களில் படபடப்பு, சண்டை, குடி எல்லாம் கூடும். நினைவஞ்சலிக் கூட்டத்துக்கு மட்டும் போகாமல், அதற்கு முந்தைய பத்து நாளில் அந்த வீடுகளுக்கு ஆள் போய் வர ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்தது குடி. இதில் உயிரே போகிற தவறுகள் நடப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். வருடக்கணக்கில் தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் கை நடுக்கம் முற்றி, ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டிருக்கும் நிலைக்குப் போகலாம். சிகிச்சை இல்லாவிட்டால் சாவுவரை போகும். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துகிறவர்களுக்கும், தியான மையத்துக்குப் போய் உட்காருகிறவர்களுக்கும் இதுதான் நேர்கிறது. வீட்டார் சாமி குத்தம் என்றோ பேய் என்றோ எண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறுநாளாகிவிடும். மாலை போடும் முடிவு நல்ல முடிவு. அதைத் தடுக்க வேண்டாம். ஐப்பசி முடிவதற்குள் ஆஷா சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு லைனிலும் 'காலைல எந்திரிச்ச உடனே குடிச்சாத்தான் கை நடுக்கம் நிக்குதா? முன்னாடி எப்பவாவது நிறுத்துனப்ப வலிப்பு வந்துச்சா?' என்று இரண்டே கேள்வி கேட்கட்டும். ஆமாம் என்பவர் டாக்டரைப் பார்த்து, முடிந்தால் ஐந்தாறு நாள் படுக்கையில் இருந்து, மருந்தோடு நிறுத்திவிட்டு மாலை போடட்டும். ஆரம்ப சுகாதார மையங்களில் இன்னொரு தப்பு நடக்கிறது: மயங்கி வந்த குடிகாரருக்கு முதலில் குளுக்கோஸ் ஏற்றுவது. தயமின் என்ற பி1 ஊசியை முதலிலோ கூடவேயோ போடாவிட்டால் மூளைக்குக் கெடுதல். அந்த ஊசி ஸ்டாக்கில் இருக்கிறதா என்று ஊராட்சியே கேட்கலாம்.

'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விற்கிற பொடியும் மாத்திரையும் லயங்களில் புழங்குகின்றன. உள்ளே டைசல்ஃபிராம் இருந்தால், அதன்மேல் குடிக்கிறவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. தெரிந்தும் சம்மதித்தும் டாக்டர் பார்வையில் எடுக்கவேண்டிய மருந்து அது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடும் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் இதை ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்.

குடியே நோயாகிப் போகாமல், தீங்காக மட்டும் இருக்கும் நிலையில் பேச்சே பலன் தருகிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார மையங்களில் மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, குடிக்கிறவர்களோடு 1 முதல் 4 முறை உட்காரவைத்த முறை உதவியது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் மலையில் அதை எப்போது செய்வது என்பதுதான் கேள்வி. சம்பளம் கைக்கு வந்த சாயங்காலம் பேசிப் பிரயோஜனமில்லை, முந்தின நாள் போங்கள். மஸ்டர் (வேலைக்கு வந்தவர் கணக்கு) போட்டு முடிந்ததும் பத்து நிமிடம் கிடைக்கும். ஆண்களுக்கு 'மனநலம்' என்று அழைப்பு வைத்தால் ஒருத்தரும் வர மாட்டார். 'பிரஷர், ஷுகர் பார்க்கிறோம்' என்றால் வருவார்கள். அங்கேயே தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

இனி ஆள் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' என்ற முறை இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே செய்தது. வாரம் ஒருமுறை, 90 நிமிடம், ஐந்து வாரம். மூச்சை மெதுவாக்கிப் பதற்றம் குறைப்பது, கைக்குள் அடங்கும் ஒரு பிரச்சினையை எடுத்துப் படிப்படியாகத் தீர்ப்பது, சோர்ந்து உட்கார்ந்தவரை மறுபடி சின்னச் சின்னக் காரியங்களில் இறக்குவது, துணைக்கு ஆள் சேர்ப்பது, இவ்வளவுதான் பாடம். இதை நடத்தப் பட்டம் வேண்டாம், பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும். வார்டுக்கு இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் வீட்டுமொழியாக இருக்க வேண்டும், டாக்டரோடு பேச மலையாளமும் தெரிய வேண்டும். அதே தோட்டத்தில் பிறந்தவராக இருக்கலாம், அதே லைனில் குடியிருப்பவராக மட்டும் இருக்கக் கூடாது. யூனியன் பொறுப்பிலிருப்பவர், சூப்பர்வைசர் வீட்டார், வட்டிக்கு விடுகிறவர் யாரும் வேண்டாம். சம்பளம் கொடுங்கள். ஏற்கெனவே பத்து ரெஜிஸ்டர் சுமக்கிற ஆஷா தலையில் இதையும் ஏற்றினால் மூன்றாவது வாரம் நின்றுபோகும். ஒருவர் ஒரே நேரத்தில் ஆறு குடும்பத்துக்குமேல் எடுக்க வேண்டாம். விடுப்பு, மழை, திருவிழா எல்லாம் கழித்தால் ஒருவருக்கு வருடம் 30 குடும்பம் என்பது நியாயமான கணக்கு. ஒரு வார்டில் இரண்டு பேர், 60 குடும்பம். முகாமில் 200 பேர் உட்கார்ந்த படத்தைவிட இந்த எண்ணிக்கை சின்னதாகத் தெரியும், தெரியட்டும்.

பதினைந்து நாளுக்கொருமுறை மாவட்டத் திட்டத்தின் சைக்காலஜிஸ்ட் இந்தப் பெண்களோடு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். இதை விட்டால் வேறெல்லாம் சரியாக இருந்தும் வேலை கெடும். அவர்களும் அதே மலையில் பிறந்தவர்கள். பிறத்தியார் கதையில் தங்கள் வீட்டுக் கதையையே கேட்கும்போது, அறிவுரை சொல்லத் தொடங்குவார்கள் அல்லது ஒதுங்குவார்கள்.

இடம் முக்கியம். லயத்தில் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரு சுவர்தான். உள்ளே பெருமூச்சு விட்டால் அடுத்த வீட்டில் கேட்கும். அங்கே போய் 'மனசத் திறந்து பேசுங்க' என்றால் எப்படிப் பேசுவார்கள்? யூனியன் ஆபீஸ் வேண்டாம். கோயில், சர்ச் மண்டபமும் வேண்டாம், எல்லாரும் எல்லா வாசலையும் தாண்ட மாட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரீச் கட்டடம் சாயங்காலம் சும்மா கிடக்கிறது. டிஸ்பென்சரியின் டிரெஸ்ஸிங் ரூம் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் காலி. கொழுந்தெடுத்து வருகிறவரைக் காலை 11 மணிக்குக் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும். எடை போட்டு வீடு திரும்பி, அடுப்பு பற்றவைத்து முடிக்க ஆறு மணியாகும். சமைக்கிற நேரத்தில் 90 நிமிடம் கேட்பதும் அநியாயம். ஆகவே ஞாயிறு பிற்பகல்.

மொழிபெயர்ப்பு என்ற பேரில் நடக்கிற ஒரு கொடுமையை நிறுத்துங்கள். டாக்டருக்குத் தமிழ் புரியவில்லை என்றால், கூட வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளையைத்தான் முன்னே தள்ளுகிறோம். அப்பா அம்மாவை எங்கே அடித்தார், அம்மா எப்படிச் சாக நினைத்தாள் என்பதைப் பத்து வயது மகள் மலையாளத்தில் டாக்டரிடம் எடுத்துச் சொல்கிறாள். தலைமுறை தாண்டிக் காயம் இறங்குவதற்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது, அதை நாமே அமைத்துக் கொடுக்கிறோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒருவர் சிகிச்சைக்குக் கொடுக்கும் சம்மதத்தை, அவருக்குப் புரியும் மொழியில் விளக்கியபின் வாங்கவேண்டியதாகத்தான் வரையறுக்கிறது. மேலே சொன்ன இரண்டு பெண்களில் ஒருவர் கிளினிக் நாளில் அங்கே இருந்தால் இது தீரும்.

இப்போது, எல்லாரும் முதலில் செய்ய ஆசைப்படுகிற காரியம்: கதை கேட்பது. கேட்காதீர்கள், அதாவது முதலில் கேட்காதீர்கள். பேரிடருக்குப் பிறகு ஆட்களைக் கூட்டி ஒரே நாளில் நடந்ததையெல்லாம் சொல்லவைப்பது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்பதால் உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. இரவில் தூக்கம் கொஞ்சம் திரும்பி, வீட்டில் அடி நின்று, பதற்றம் வந்தால் தானே ஆற்றிக்கொள்ளத் தெரிந்தபின், அவரே விரும்பினால் கதைக்குப் போகலாம். விரும்பாவிட்டால் அதுவும் சரி. கதை சொல்லாமலே தேறியவர்கள் நிறைய.

கதைக்குப் போகும்போது நாங்கள் பயன்படுத்துவது மூன்று தலைமுறைப் படம். ஒரு சார்ட், பென்சில், அழிரப்பர். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குள் பெருக்கல் குறி, பக்கத்தில் தெரிந்தால் வருடம். 'முதல்ல மலை ஏறி வந்தது யாரு? எந்த ஊர்ல இருந்து?' என்று தொடங்கினால் கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்ததாக அவர்கள் எதில் கெட்டிக்காரர்கள் என்று கேட்டு அதையும் எழுத வேண்டும்: கவ்வாத்து (செடி வெட்டிவிடுவது), நாட்டு வைத்தியம், கும்மி, எதிர்த்துப் பேசுவது. 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத்துப் பெண்கள் தாங்களே கூடிப் போராட்டத்தில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்களே, அதில் உட்கார்ந்த அத்தை பேரும் படத்தில் வரட்டும். பிறகுதான் சாவுகள். பிறகு யார் யாரை வளர்த்தார்கள் என்று அம்புக்குறி. இதில்தான் பலருக்கு முதல்முறையாகத் தெரியும், தன் அம்மாவையும் ஒருவரும் வளர்க்கவில்லை என்று. 45 நிமிடத்துக்குமேல் நீட்ட வேண்டாம், இரண்டு உட்காரலில் முடியட்டும்.

இதில் கெடுவது எங்கே? தத்து, வேறு சாதித் திருமணம், தூக்கு, முதல் புருஷன் என்று மறைத்துவைத்த விஷயம் வெளியே வரும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் அறையில் இருக்கக் கூடாது. படத்தை போனில் எடுக்கக் கூடாது, ஃபைலில் வைக்கக் கூடாது. குடும்பத்தாரிடமே கொடுத்துவிட வேண்டும், கிழித்துப் போட்டாலும் அவர்கள் பாடு. பேசிக்கொண்டிருக்கும்போது கண் ஒரே இடத்தில் நிலைத்து, கை சில்லிட்டு, கேட்டதற்குப் பதில் வராவிட்டால் நிறுத்துங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, அறையில் தெரிகிற ஐந்து பொருளின் பேர் கேட்டு, தண்ணீர் கொடுத்து, வெளியே நாலடி நடத்துங்கள். அன்றைக்கு மறுபடி அந்தப் பேச்சு எடுக்க வேண்டாம். கதை தொடங்கும் முன்பே ஒன்று சொல்லியாக வேண்டும்: பிள்ளைக்குப் பாலியல் துன்பம் என்று தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவிக்காமலிருக்க முடியாது, உயிருக்கு ஆபத்து என்றாலும் ரகசியம் காக்க முடியாது. எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னால் அது துரோகமாகத்தான் படும்.

காயம் அடுத்த ஆளுக்கு இறங்காமல் நிற்பது பெரும்பாலும் ஒரு சின்ன இடத்தில்தான்: பிள்ளையிடம் வெடித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில். வெடிக்காத பெற்றோரை உருவாக்க எங்களுக்குத் தெரியாது. எட்டு மணி நேரம் அட்டைப்பூச்சிக் கடியில் நின்று வந்தவருக்குப் பொறுமை போதிக்கவும் மனம் வரவில்லை. வெடித்தபின் திரும்பிப் போகச் சொல்லிக்கொடுக்கலாம். இருபது நிமிடம் விலகியிருந்து உடம்பு தணிந்தபின், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து: 'அம்மா கத்துனது தப்பு. பயந்துட்டியா? நீ பாலக் கொட்டுனதப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப வா.' இவ்வளவுதான். 'நீ மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா' என்று ஒட்டவைத்தால் எல்லாம் பாழ். அம்மா அழுது பிள்ளை தேற்றும் நிலை வந்தாலும் பாழ், பிள்ளை மறுபடியும் தாயாகிவிடும். முதல்முறை செய்யும்போது பிள்ளை சந்தேகமாகப் பார்க்கும், சிரிக்கும், சில நேரம் இன்னும் அடம் பிடிக்கும். பயன் இல்லை என்று அங்கேதான் விடுகிறார்கள். பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகே பிள்ளைக்கு நம்பிக்கை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பாக்களுக்கும் இதே பாடம்தான், ஆனால் அவர்களுக்கு வார்த்தை வராது. கூட உட்கார்ந்து சாப்பிடுவதிலோ, பள்ளிக்கூட ஜீப்பு வரை நடந்து போவதிலோ தொடங்கலாம்.

பிள்ளை பெற்ற தாய்மாரைத் தனியே கவனியுங்கள். பேறுகாலத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வைப் பத்துக் கேள்வியில் பிடித்துவிடலாம், துணை மையத்துச் செவிலியரால் முடியும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. மலையுச்சி ஃபீல்டிலிருந்து கிரீச்சுக்கு இறங்கி ஏறவே அரை மணி ஆகும் என்றால் அந்த இடைவேளை தாளில் மட்டும்தான் இருக்கிறது. நிர்வாகத்தோடு பேசி அந்தத் தாய்மாரைக் கிரீச் பக்கத்து ஃபீல்டில் போடவைப்பது உங்களால் முடிகிற காரியம், செலவும் இல்லை.

சாமியாடுதல், கொடை, கறுப்புக்குக் கிடா வெட்டு, சர்ச் ஜெபம் எதையும் மூடநம்பிக்கை என்று மேடையில் பேச வேண்டாம். செத்தவரை ஊரோடு சேர்ந்து அழ இங்கே வேறு இடம் இல்லை. மூன்றே விஷயத்துக்கு மட்டும் கறாராக இருங்கள்: மாத்திரையை நிறுத்தச் சொல்வது, ஆளைக் கட்டிவைப்பது அல்லது அடிப்பது, செய்வினை எடுக்கக் கடன் வாங்கவைப்பது.

உடனே டாக்டரிடம் போகவேண்டியவை: சாவதற்கு வழி யோசித்துவைத்திருப்பவர், இல்லாத குரல் கேட்கிறவர், நாள்கணக்கில் சாப்பிடாதவர், குழந்தையைத் தொடாத தாய். ரேஞ்ச் கிடைக்கும் இடத்தில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.

எதை அளப்பது? நடத்திய முகாம் எண்ணிக்கையை விடுங்கள். ஐந்தாவது வாரத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், இரண்டாவதோடு எத்தனை பேர் நின்றார்கள், ஏன் என்பது முதல் கணக்கு. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாள் தமிழில் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 27, ஒருவருடைய மதிப்பெண் 5 குறைந்தால் தேற்றம் என்று கொள்ளலாம். பிள்ளைகளுக்கு 'சிறுவயதுத் துன்பக் கணக்கு' என்ற பத்துக் கேள்வியை வகுப்பில் கொடுத்து மார்க் போடும் வேலை மட்டும் வேண்டாம். 1998இல் அந்த ஆய்வைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே அதைத் தனியாள் மேல் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று 2020இல் எழுதினார். பேர்கள் ஊராட்சி ரெஜிஸ்டருக்கு வரவே கூடாது, எண் போதும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். திட்ட நிதியில் பத்து சதவீதம் பெண்களுக்கென்று ஒதுக்கியாக வேண்டும். தையல் மெஷினும் ஆட்டுக்குட்டியும் வாங்கிய தலைப்பில் இந்த இரண்டு பேர் சம்பளத்தையும் ஜீப்பு வாடகையையும் எழுதலாம். ஒரே ஒரு வார்டில் தொடங்குங்கள். மார்ச்சுக்குள் ஆள் தேர்வு, ஏப்ரலில் பயிற்சி, மே மாதம் மழைத் திட்டம். ஜூனில் மலை மூடிவிட்டால் ஜீப்பு ஏறாது, பிறகு செப்டம்பர்தான்.

மொழிச் சிறுபான்மைப் பகுதியிலிருந்து தமிழில் எழுத 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுப்பதால் இந்த மடலைத் தமிழில் அனுப்பியிருக்கிறோம். ஊராட்சியின் திட்டப் பணிக்குழு என்ன முடிவெடுத்தாலும், முடியாது என்றே முடிவெடுத்தாலும், அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி மஸ்டர் ஷெட்டிலும் கிரீச் வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பகுதி லயங்களில் மனநலப் பணி செய்பவர்கள்